இருவாய்ச்சிக்கு ஒரு வினைச்சொல்

ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். அன்றைக்கு எங்கள் கையேடு அச்சகத்துக்குப் போகிறது.

எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்காக ஆறடி உயரத்தில் ஓர் இருவாய்ச்சிப் பறவையை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். தூரிகை இல்லை, சாயம் இல்லை. ஒவ்வோர் இறகையும் தனித்துண்டாக மரத்தில் அறுத்து, விளிம்பை உருட்டித் தேய்த்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டுப்பலகையின் மேல் சேர்க்கிறோம். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். வயிற்றின் வெள்ளைக்குக் கித்தா (ரப்பர்) மரம். அலகின் மஞ்சளுக்குப் பலா. அலகின்மேல் இருக்கும் கொண்டைக்கு, மழைக்காற்றில் சாலையோரம் சாய்ந்த அங்சானா மரத்தின் சிவந்த வைரம். கரிய இறகுகளுக்கு, இடித்த லயத்து வீடொன்றிலிருந்து எடுத்த செங்கால் மரத்து உத்தரம், வயதேறிக் கறுத்திருக்கிறது. "இந்தக் கித்தா மரத்தில்தான் என் அம்மா பால் வெட்டினார்" என்று பெரியவர் சொன்ன அன்று வகுப்பில் யாரும் பேசவில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் கலைக்கு இன்டார்சியா என்று பெயர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் பறவையின் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கப்போகிறார்கள். நான் 'மரப்படம்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், மரப்படம் என்றால் மரத்தின் படமா, மரத்தாலான படமா?" என்று கேட்டாள். அழித்துவிட்டேன்.

பெயர்ச்சொல் மட்டும் எனக்குப் போதாது. 'நான் இந்த இறகை ......... ' என்ற கோடிட்ட இடத்தை ஒரு பிள்ளை வாயால் சொல்லி நிரப்பவேண்டும். வினையாக நடக்காத சொல் வகுப்பில் ஒரு வாரம்கூட உயிரோடு இருப்பதில்லை. உதவுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

வணக்கம் சகோதரி. இவ்வளவு குறுகிய நாளில் புதுச்சொல் வேண்டாம். கடன் வாங்குவோம், ஆனால் தமிழ் வாய்க்கு ஏற்ப. 'இன்டார்சியா' என்று எழுதாதீர்கள். தமிழ்ச் சொல்லுக்குள் னகர ஒற்றை அடுத்து டகரம் வராது. 'இந்தார்சியா' என்று எழுதினால் இத்தாலிய ஒலிக்கும் அதுவே நெருக்கம். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று, வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் எழுதும்படி, தொல்காப்பியர் வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது வடசொல்லுக்கு என்றாலும் நெறி எல்லா மொழிக்கும் பொருந்தும். இத்தாலியரே இதை அரபுமொழியிலிருந்துதான் பெற்றார்கள். பதித்தல் என்று பொருள்படும் 'தர்சீ' அவர்களிடம் 'தார்சியா' ஆனது. அவர்கள் வாங்கியதை நாம் வாங்குவதில் குறைவென்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்

அம்மா, வணக்கம். ஈப்போத் தம்பி கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடியிருக்கலாம்.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலைப் பாருங்கள். யானைத் தந்தத்தை வல்லோன் ஒருவன் 'கூருளிக் குயின்ற ஈரிலை' என்று வருகிறது. கூரிய உளியால் இலைகளை ஆக்குகிற தொழிலுக்குப் புலவர் வைத்த வினை குயிலுதல். அதன் பிறவினை குயிற்றுதல். பொன்னில் மணியைப் பதிப்பதற்கு வழங்கிய சொல். குயில், குயின்றான், குயிற்று, குயிற்றினான் என்று கோடிட்ட இடம் எதுவானாலும் நிரம்பும். கலைக்கு 'மரக்குயிற்று', படத்துக்குக் 'குயிற்றோவியம்', செய்பவர் 'குயிற்றுநர்'.

இன்னும் ஒன்று. இசைக்கருவி வாசிப்பவர்களுக்குக் 'குயிலுவர்' என்று பெயர். ஒலியை உண்டாக்குவதும் உருவை உண்டாக்குவதும் ஒரே வினைக்குள் இருந்திருக்கின்றன. கூவுகிற பறவையின் பெயரும் அதே வேரில் கிளைத்தது என்பது என் நெடுநாள் எண்ணம். ஒரு பறவையைச் செய்யும் கலைக்குப் பறவை ஒளிந்திருக்கும் சொல் கிடைக்கும்போது விடலாமா?

மரத்தளவாடப் பட்டறை, சுங்கை பட்டாணி

ஐயா, பொறுத்தருளவேண்டும். குயில் கூவுவதால் குயில். காக்கை கரைவதால் காக்கை. அதை வேர்ச்சொல்லில் கட்டவேண்டியதில்லை. எனக்குக் கவலை வேறு. குயிற்றுதலும் பதித்தலும் அடியில் குழி எடுப்பவை. மைசூர் ஈட்டிமரப் பலகைகளில் அப்படித்தான் செய்கிறார்கள்: பலகையை உருவத்தின் அளவுக்குத் தோண்டி, வேறு நிறத்துத் துண்டை அதற்குள் அமர்த்தித் தேய்த்துச் சமமாக்குவார்கள். மெல்லிய சீவல்களைச் சேர்த்துத் தாள்போல ஒட்டுவது இன்னொரு வேலை. டீச்சர் செய்வது இரண்டும் அல்ல. அங்கே குழியே இல்லை. முக்கால் அங்குலக் கனத்தில் துண்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சிறகு முன்னே புடைத்திருக்கும், வால் பின்னே தாழ்ந்திருக்கும். அதன் உயிரே அந்த மேடுபள்ளத்திலும் இழையோட்டத்திலும் இருக்கிறது: ஒவ்வொரு இறகின் வரியும் இறகு போகும் திசையில் போகவேண்டும். அதற்காக மாதிரித்தாளில் துண்டுதோறும் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் மரத்தில் கை வைப்போம்.

எனவே 'மரப்பதிப்பு' கூடாது. புத்தகம் போடுகிற வேலை என்று நினைப்பார்கள். 'ஒட்டுமரம்' என்றும் யாராவது சொல்லிவிடாதீர்கள். தோட்டத்துக்காரர்களுக்கு அது ஒட்டுக்கட்டி வளர்த்த கித்தா.

டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். கித்தா மரத்தைப் பச்சையாக எடுத்துவிடாதீர்கள். மருந்தேற்றி உலர்த்தாத பலகையில் நீலப் பூஞ்சை படரும், துளைவண்டு மாவாக்கிவிடும். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்துவிட்டு விறகாகப் போய்க்கொண்டிருந்த மரத்துக்கு, மருந்தேற்றும் முறை வந்த பிறகுதான் மேசை நாற்காலியாகும் பேறு கிடைத்தது.

தமிழ்க் கணினி ஆர்வலர், சென்னை

'இழை' இருக்கும்போது ஏன் அலைகிறோம்? மணி இழைத்த அணி, பொன் இழைத்த மாடம் என்கிறோம். தச்சர் மரத்தை இழைக்கிறார். மரத்தின் நாரும் இழை, அணியும் இழை. பட்டறை நண்பர் சொன்ன இழையோட்டமும் அதற்குள் வந்துவிடுகிறது. 'மரவிழைப்பு' என்று வையுங்கள். மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒத்து, வகர உடம்படுமெய் பெற்று அழகாகப் புணர்கிறது.

ஆசிரியை, சுங்கை சிப்புட்

ஐயா, இன்று காலை கரும்பலகையில் 'மரவிழைப்பு' என்று எழுதினேன். முதல் வரிசையிலேயே 'மர விழைப்பு' என்று பிரித்துப் படித்தார்கள். விழைதல் என்றால் விரும்புதல் என்று போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். 'மர இழைப்பு' என்று பிரித்து எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்து, "இழைப்பு முடிந்துவிட்டதே டீச்சர், இனி அறுக்கத்தானே வேண்டும்?" என்றார். இழைப்புளி கையில் இருக்கும் ஒருவருக்கு இழைப்பு என்றால் பலகையைச் சீவுவது. அவருடைய வேலைக்கு நாம் வைக்கும் பெயர் அவருக்கே வேறொன்றாகத் தெரிந்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இருவாய்ச்சியா, இருவாட்சியா என்பதையும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அட்டையில் போடவேண்டும்.

பறவை ஆர்வலர், தைப்பிங்

அக்கா, இதில் ஐயமே வேண்டாம். இருவாட்சி ஒரு மல்லிகை வகை. அலகின் மேல் இன்னோர் அலகு வைத்ததுபோல் கொண்டை இருப்பதால் பறவை இருவாய்ச்சி. நீங்கள் செய்வது நம் நாட்டின் தேசியப் பறவை என்றால், வெள்ளை வாலின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இருக்கவேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பேராக் மாநிலத்துப் பிள்ளைகள் விடக்கூடாது. பெலும் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாய்ச்சிகளும் இருக்கின்றன.

கொண்டையின் சிவப்பு பற்றியும் ஒரு செய்தி. இளம்பறவைக்கு அந்த நிறம் கிடையாது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயில் அலகைத் தேய்த்துத் தேய்த்துப் பறவை தானே ஏற்றிக்கொள்கிறது.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

தைப்பிங் தம்பிக்கு நன்றி. தேசியப் பறவையே வெளியிலிருந்து நிறம் பூசிக்கொள்கிறது என்றால், ஒரு கடன்சொல்லால் தமிழ் மங்கிவிடுமா என்று கிள்ளான் ஐயா சொல்லட்டும்.

இன்னொன்றையும் எல்லோரும் எண்ணவேண்டும். கம்பளிப் பின்னலிலும் இந்தார்சியா உண்டு. நிறம் மாறும் இடத்தில் ஒரு நூலை விட்டு அடுத்த நூலை எடுப்பார்கள். பின்பக்கம் நூல் தொடர்ந்து ஓடாது. மரக்கலையைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். 'இழையோவியம்' என்று வைத்தால் பின்னலுக்கு நன்றாக இருக்கும், மரத்துக்குக் குழப்பம். 'குயிற்று' என்றால் பின்னலில் எதைக் குயிற்றுவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்

வெளியிலிருந்து அல்ல தம்பி. தன் உடம்பிலேயே சுரந்த எண்ணெய். உவமையை எடுத்தவர் அதையும் சேர்த்து எடுக்கவேண்டும்.

குழி இல்லை என்ற பட்டறை நண்பரின் மறுப்பை மதிக்கிறேன். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் உர்பினோவிலும் குப்பியோவிலும் சிற்றரசரின் படிப்பறைச் சுவர்களில் இந்தக் கலை உச்சம் தொட்டபோது, அதுவும் தட்டையாகவே இருந்தது. பாதி திறந்த அலமாரி, புத்தகம், இசைக்கருவி எல்லாம் மரத்துண்டுகளால் கண்ணை மயக்கின. குப்பியோ அறை இப்போது நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தடித்த துண்டும் மேடுபள்ளமும் பின்னால் வந்த மாற்றம். அவர்கள் பழைய சொல்லையே புதிய வேலைக்கு நீட்டிக்கொண்டார்கள். குயிற்றுதலை நாம் மட்டும் நீட்டக்கூடாதா? சொற்கள் அப்படித்தானே வளர்ந்தன.

பெரியவரின் அலகு வேலையைப் படித்ததும் சத்திமுத்தப் புலவர் நினைவுக்கு வந்தார். 'நாராய் நாராய் செங்கால் நாராய்' என்று அழைத்துவிட்டு, அந்தப் பறவையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். தாவரத்தில் அலகைக் கண்ட கண் நமக்குப் புதிதல்ல. உங்கள் இறகுக்கு வாய்த்த மரத்தின் பெயரும் செங்கால். மலாய்ப் பெயர்தான், தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள் அம்மா.

மரத்தளவாடப் பட்டறை, சுங்கை பட்டாணி

பாட்டு சொல்லிக்கொடுக்கட்டும் ஐயா, எனக்கும் பிடித்த பாட்டு. சொல்லுக்கு வருவோம். இந்த வேலையில் நாங்கள் நாள் முழுதும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: பொருந்துகிறதா? ஒரு துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடுக்கில் ஒளி தெரிந்தால் திரும்பவும் தேய்ப்போம். பின்னலிலும் நிறத்தோடு நிறம் பொருந்துவதுதான் நடக்கிறது. வினை பொருத்துதல். படம் 'மரப்பொருத்தோவியம்'. பின்னலுக்குப் 'பொருத்துப்பின்னல்'. ஈப்போ நண்பருக்கும் அதில் இடம் இருக்கிறது.

தமிழ்க் கணினி ஆர்வலர், சென்னை

பத்து எழுத்துச் சொல். தேர்வுத்தாளில் 'பொருத்துக' என்ற வினாவும், கல்யாணப் பொருத்தமும் கூடவே வரும். எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இதைவிட நல்லதைச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

ஆசிரியை, சுங்கை சிப்புட்

வியாழன் இரவு எழுதுகிறேன். இன்று வகுப்பில் மூன்று வினைகளையும் எழுதிப் போட்டு, ஒவ்வொருவரும் தாம் செய்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கியம் சொல்லவேண்டும் என்றேன். இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் 'பொருத்தினேன்' என்றார்கள். மூன்று பேர் 'இழைத்தேன்'. ஐந்து பேர் 'குயிற்றினேன்' என்றார்கள். அவர்களில் ஒருத்தி அதைச் சொல்லிவிட்டு இன்னொரு முறை சொன்னாள், சொல்வது பிடித்துவிட்டது என்றாள். 'இந்தார்சியா செய்தேன்' என்று ஒருவரும் சொல்லவில்லை. ஈப்போ அண்ணன் மன்னிக்கவேண்டும்.

பெரியவரிடம் கேட்டேன். பொருத்து என்றால் தனக்கு வேலை புரிகிறது என்றார். அட்டையில் 'மரப்பொருத்தோவியம்' என்று போகிறது. துண்டுக்குச் 'சில்' என்று வைத்துக்கொண்டோம். அதில் சண்டை வரவில்லை. வால் பட்டையையும் சேர்த்துவிட்டோம். அதற்காக ஆறு சில்களைப் பெயர்த்து மறுபடி அறுத்தோம். கித்தா பலகை மருந்தேற்றியதுதான், சரிபார்த்தேன்.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

ஏற்கிறேன் சகோதரி. கையேட்டின் உள்ளே ஓரிடத்திலாவது 'இந்தார்சியா' இருக்கட்டும். பிள்ளை நாளைக்கு இணையத்தில் தேடவேண்டும் அல்லவா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன் அம்மா, கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பொருத்துதல் கதவுக்கும் குழாய்க்கும் போதும். கூருளியின் நுணுக்கம் அதில் இல்லை. கையேட்டில் எதையும் மாற்றவேண்டாம். அந்த ஐந்து பிள்ளைகள் வருகிறவர்களிடம் 'குயிற்றினேன்' என்று சொன்னால் திருத்தாமல் விடுங்கள். அது போதும்.

ஆசிரியை, சுங்கை சிப்புட்

திருத்தமாட்டேன், ஐயா. கொண்டையின் ஒரு சில் மட்டும் இரவு மழையில் முறுக்கிக்கொண்டது. பெரியவர் புதிதாக ஒன்று அறுத்துக்கொண்டிருக்கிறார். அதை வைக்கப்போவது 'குயிற்றினேன்' என்று இரண்டு முறை சொன்ன அந்த மாணவிதான்.