ஐஸுக்கு ஒரு ஸ்கேற், கோடைக்கு ஒரு ஸ்கேற்: ரெண்டு ஜோடி தேவையா?

மார்க்கம்அப்பா:
மகனுக்கு 12 வயது, 41 கிலோ. குளிர்காலத்தில ஹவுஸ் லீக் ஐஸ் ஹொக்கி. மே தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் இன்லைன் (ஒரே வரிசையில சில்லுள்ள ஸ்கேற்) விளையாடப் போறான்: கிழமையில ரெண்டு நாள் ஐஸ் எடுத்த அரங்கத்தின்ர கொங்கிரீற் தரையில, மிச்ச நாள் வீட்டுக்கு முன்னால தார் றோட்டில. இப்ப போடுற ஐஸ் ஸ்கேற்றின்ர அடியைக் கழட்டிச் சில்லுச் சட்டம் பூட்டலாம் எண்டு சிலர், தனி ஜோடி வாங்கு எண்டு சிலர். எது சரி? சப்பாத்து அளவு 6, ஸ்கேற் அளவு 4.5.

நாலுசில்லு:
சட்டத்தை மாத்துங்கோ அண்ணா. ஸ்கேற்றில காசு போறது பூட்ஸுக்குத்தான். சூடாக்கி, கால் வடிவத்துக்கு அமுங்கி, கணுக்காலுக்குப் பழகின பூட்ஸை மார்ச்சில மூலையில போட்டுட்டு, மேயில இன்னொண்டை ஏன் திரும்பப் பழக்க வேணும்? பிளேட்டைத் தாங்கிற ஹோல்டர் ரிவிற்றாலதான் பிடிச்சிருக்கு. ரிவிற் தலையைத் துளைபோட்டு எடுத்து, ஹோல்டரைக் கழட்டி, நாலு சில்லுச் சட்டத்தைப் பூட்டினால் காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 1980-களின்ர தொடக்கத்தில மினசோட்டாவில ஓல்சன் சகோதரர்கள் ரோலர்பிளேட்டைத் தொடங்கினதே ஐஸ் இல்லாத மாதங்களில ஹொக்கிக்காரர் ஓடிப் பழகத்தான். ஐஸ்காரருக்காகப் பிறந்த சாமான் இது.

கூர்க்கல்:
வளர்ந்த ஆளுக்கு நீங்கள் சொல்லுறது சரி. 12 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாதேங்கோ.

முதல்ல துளைக் கணக்கு. ஐஸ் ஹோல்டரின்ர துளைகளும் சில்லுச் சட்டத்தின்ர துளைகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில வராது. புதுத் துளை போட வேணும். பழைய துளைக்குப் பக்கத்தில 2, 3 மில்லிமீற்றரில புதுசு விழுந்தால் நடுவில நிக்கிற மெல்லிய சுவர் உடைஞ்சு ரெண்டும் சேர்ந்து நீள்வட்டமாகிடும். அதுக்குள்ள ரிவிற் இறுகி நிக்காது. முதல் கிழமை நல்லாத்தான் இருக்கும். பிறகு வளைவில சாயேக்க சட்டம் ஒரு மயிரளவு அசையும், "டிக் டிக்" எண்டு சத்தம் கேக்கும், பெடியன் அந்தக் காலை நம்பாமல் ஓடத் தொடங்குவான். உயர்ந்த பூட்ஸில அடித்தட்டு கார்பன் கலவை, துளையைத் தாங்கும். பிள்ளையளின்ர நடுத்தர விலைப் பூட்ஸில அது பிளாஸ்ரிக். ரெண்டாம் தரம் துளைச்சால் பிடி குறையும். பாவிக்காத துளைகளை அடைக்காமல் விட்டால் தண்ணி உள்ள போய் ரிவிற்றைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஒக்ரோபரில திரும்ப பிளேட் பூட்ட வேணுமெண்டால்? மூண்டாம் தரம். அதை நான் ஒருத்தருக்கும் செய்யச் சொல்ல மாட்டன்.

நாலுசில்லு:
திரும்பப் பூட்ட ஆர் சொன்னது? வசந்தத்தில சட்டத்தைப் பூட்டி, கோடை முழுக்க ஓடித் தேய்ச்சு முடிச்சுப்போட்டு, செப்ரெம்பரில ஐஸுக்குப் புது பூட்ஸ் வாங்கிறது. வளருற பிள்ளைக்கு எப்பிடியும் புதுசு தேவை. ஒரு பூட்ஸ் ரெண்டு பருவம் உழைக்குது.

நீலக்கோடு:
அங்கதான் பிழைக்குது. ஒக்ரோபரில சரியா இருந்த பூட்ஸ் மேயில சின்னன். கோடையில கால் வீங்கவும் செய்யும். விரல் மடங்கி ஓடுற பிள்ளை முழங்காலை மடிக்காது, நிமிர்ந்து நிண்டே ஓடும். ஒரு கோடை அப்பிடி ஓடினால் அந்தப் பழக்கத்தை ஐஸில திருத்த நவம்பர் முழுக்கப் போகும்.

அண்ணா, சட்டத்தைப் பற்றி யோசிக்க முதல் பூட்ஸை அளவுங்கோ. உள்பாதத் தட்டை வெளிய எடுத்துத் தரையில வைச்சு, பெடியனை அதுக்கு மேல நிக்கச் சொல்லுங்கோ, குதி பின் விளிம்போட ஒட்ட. விரல் முன்னுக்கு வெளிய நீட்டினால் சின்னன். பெருவிரலுக்கு முன்னால அரை அங்குலத்துக்கு மேல வெறுமையா இருந்தால் பெரிசு. பக்கத்தில சதை வழிஞ்சால் அகலம் காணாது.

பிறகு பென்சில். லேஸைத் தளர்த்திக் காலைப் போட்டு, குதியை ரெண்டு தரம் தரையில பின்னுக்கு உதைச்சு, நாக்கை முன்னுக்கு இழுத்துவிட்டு, மேலயிருந்து மூண்டாவது லேஸ் துளைச் சோடிக்குக் குறுக்கால ஒரு பென்சிலை வையுங்கோ. ரெண்டு பக்கத் துளை விளிம்பிலும் படிஞ்சு கிடந்தால் ஆழம் காணும். காலில முட்டித் தூக்கிக்கொண்டு நிண்டால் பூட்ஸ் ஆழம் காணாது. எவ்வளவு சூடாக்கினாலும் அந்த ஆழம் வராது. கடைசியா இறுக்கிக் கட்டி நிமிர்ந்து நிக்கேக்க விரல் முன் மூடியை லேசாத் தொட வேணும், முழங்காலை மடிச்சால் விலக வேணும்.

"அடுத்த வருசத்துக்கும் ஆகும்" எண்டு ஒரு அளவு கூட்டி வாங்காதேங்கோ. எங்கட ஆக்கள் நிறையப் பேர் செய்யிற பிழை இது. குதி உள்ளுக்குள்ள தூக்கும், கொப்புளம் வரும், கணுக்கால் உள்பக்கம் சாயும். பிறகு பிள்ளைக்குக் கணுக்கால் பலமில்லை எண்டு கதைப்பினம். கணுக்காலில ஒரு குறையுமில்லை, பூட்ஸ்தான் பெரிசு. கூடினால் அரை அளவு, அவ்வளவுதான்.

நாலுசில்லு:
அளவைப் பற்றிச் சண்டையில்லை. ஆனால் தனி இன்லைன் வாங்கினால் ஓடுற விதமே மாறும். ஐஸ் பிளேட் வளைவானது. 9 தொடக்கம் 11 அடி ஆரையில வளைச்சிருக்கிறதால நடுவில ஒரு சின்னத் துண்டுதான் ஐஸைத் தொடும், அதாலதான் சட்டெண்டு திரும்பலாம். சாதாரண இன்லைனில நாலு சில்லும் ஒரே நேரம் தரையில. மார்ஸ்பிளேட் மாதிரி நடுவில அசையிற சட்டம் பூட்டினால் அந்த வளைவு கிடைக்கும். ஐஸ் பூட்ஸில அதைப் பூட்டுறதுதான் ஐஸ்காரனுக்கு உண்மையான கோடைப் பயிற்சி.

கூர்க்கல்:
வளைவுக் கணக்கு சரி. ஆனால் நிப்பாட்டுறதை விட்டுட்டீங்கள். ஐஸில குறுக்கால திருப்பினால் பிளேட் ஐஸைச் சீவி நிக்கும். தாரில சீவ ஒண்டுமில்லை. மென்மையான சில்லு கடிச்சுப் பிடிச்சால் உடம்பு மட்டும் முன்னுக்குப் போகும். ஹொக்கி இன்லைனில பின் பிரேக் கட்டையும் இல்லை. ஒரு காலைப் பின்னால குறுக்கா இழுத்து நிப்பாட்டுறதை முதல் நாளே பழக்குங்கோ, றோட்டுக்கு இறங்க முதல். எந்தச் சட்டம் பூட்டினாலும் இது மாறாது.

பூட்ஸ் பொருளையும் பாருங்கோ. ஐஸ் பூட்ஸ் குளிருக்குச் செய்தது, உள்பஞ்சு தடிப்பு. ஜூலைத் தாரில வேர்வை ஊறி அந்தப் பஞ்சு கெதியாய் நொந்துபோகும். இன்லைன் பூட்ஸில காத்துத் துளை இருக்கு, கணுக்கால் கொஞ்சம் கூட வளையும்.

தனி ஜோடி வாங்கேக்க உச்ச விலைப் பூட்ஸுக்குப் போகாதேங்கோ, அது 41 கிலோவுக்கு மடங்காது. பாவர் கம்பனியில பூட்ஸின்ர பொருத்தம் பிற் 1, 2, 3 எண்டு வரும்: 1 ஒடுக்கமும் ஆழம் குறைவும், 3 அகலமும் ஆழமும். சிசிஎம் கம்பனியில ஒடுக்கம், சாதாரணம், அகலம். பெயரைப் பாத்து வாங்காமல் காலைப் பாத்து வாங்குங்கோ.

மார்க்கம்அப்பா:
சில்லு எது? கடையில 76ஏ, 78ஏ, 84ஏ எண்டு கிடக்கு.

நாலுசில்லு:
இலக்கம் கூடினால் கடினம். வழுவழுப்பான உள்ளரங்கத் தட்டுக்கு 72ஏ தொடக்கம் 76ஏ, அரங்கத்துக் கொங்கிரீற்றுக்கு இவன்ர எடைக்கு 76ஏ அல்லது 78ஏ. தாருக்கு 82ஏ தொடக்கம் 85ஏ. உள்ளரங்கச் சில்லோட தாரில ஓடினால் அழிறப்பர் மாதிரிக் கரைஞ்சுபோகும். கடினச் சில்லோட கொங்கிரீற்றில திரும்பினால் வழுக்கும். ஆக ரெண்டு சோடிச் சில்லு வைச்சிருங்கோ, 8 உம் 8 உம். பெயாரிங்கைச் சில்லோடயே பூட்டி வைச்சால் மாத்த 10 நிமிஷம் காணும். சோடிக்கு 16, எல்லாம் 608 அளவு.

முன் ரெண்டும் 76, பின் ரெண்டும் 80 மில்லிமீற்றர் எண்ட சட்டமெண்டால் உடம்பு ஐஸில போல முன்னுக்குச் சாய்ஞ்சு நிக்கும். அதில முன் சில்லைப் பின்னுக்கு மாத்தேலாது. உள்விளிம்பு தேய்ஞ்சதும் இடக்கால் சில்லை வலக்காலுக்கு, தேய்ஞ்ச பக்கம் வெளிய பாக்கத் திருப்பிப் போடுங்கோ. நனைஞ்சால் சில்லைக் கழட்டித் துடையுங்கோ. துருநீக்கி ஸ்ப்ரே அடிக்காதேங்கோ, அது உள்ள இருக்கிற கிறீஸைக் கழுவிப்போடும்.

மார்க்கம்அப்பா:
இப்பதான் அளந்தன். தட்டில பெருவிரல் முன் விளிம்பைத் தாண்டி நிக்குது. பென்சில் ரெண்டு காலிலும் காலில முட்டித் தூக்குது.

நாலுசில்லு:
அப்ப இந்தப் பூட்ஸுக்குச் சட்டம் பூட்டச் சொல்ல மாட்டன். கால் வளர்ந்து முடிஞ்ச பிறகு, கார்பன் அடியுள்ள ஒண்டுக்கு, நான் சொன்னதுதான் சரி. அதில மாத்தமில்லை.

நீலக்கோடு:
ஐஸ் ஜோடியை இப்ப வாங்காதேங்கோ, செப்ரெம்பரில திரும்ப அளந்து வாங்குங்கோ. இப்ப இன்லைன் மட்டும், 5 அல்லது 5.5, ரெண்டையும் போட்டுப் பாத்து. ஆழம் காணாததால ஒரு படி ஆழமும் அகலமும் கூடின பிற்.

கூர்க்கல்:
செப்ரெம்பரில ஐஸ் ஜோடி எடுக்கேக்க கடையிலேயே சூடாக்கச் சொல்லுங்கோ. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ், கம்பனி சொன்ன நிமிஷம் மட்டும். வீட்டு ஓவனில வேண்டாம். சூடோட கட்டேக்க லேஸை மேல இழுக்காமல் பக்கத்துக்கு இழுங்கோ, இல்லாட்டி இளகின துளை கிழியும். 10, 15 நிமிஷம் அசையாமல் இருக்கட்டும், பிறகு ஒரு நாள் போடக் கூடாது. புதுப் பிளேட்டில விளையாடுற விளிம்பு இருக்காது. அரை அங்குல ஆரைக் குழிவில தீட்டச் சொல்லுங்கோ. வாங்கிக்கொண்டு வெளிய வர முதல் ஸ்கேற்றைத் தலைகீழாப் பிடிச்சு, பிளேட்டுக்குக் குறுக்கால ஒரு 25 சதக் குத்தியைப் படுக்க வையுங்கோ. குத்தி ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தால் ஒரு விளிம்பு உயரம், திருப்பிக் குடுத்துத் தீட்டச் சொல்லுங்கோ.