புதிதாகச் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள், சாப்பாட்டில் எதை முதலில் மாற்றுவது?

பனியன்_ஊர்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 43, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. கொஞ்ச நாளாக ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தேன், தாகமும் அடங்கவில்லை, சரி என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 262, மூன்று மாதச் சராசரி என்கிற எச்பிஏ1சி 8.4. டைப் 2 என்று சொல்லி மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். கூட்டம் அதிகம், அரிசியைக் குறைங்க, நடங்க என்பதற்கு மேல் பேச நேரம் கிடைக்கவில்லை.

காலையில் 4 இட்லி, மதியம் வீட்டிலிருந்து டிபன் கேரியர், நடுவில் 4 டீ, வேலை முடிந்து வர 9 மணி ஆவதால் இரவு 10 மணிக்குத் தோசை. இதுதான் என் சாப்பாடு. அம்மா கேழ்வரகுக் கூழ் குடி, டீக்குக் கருப்பட்டி போட்டுக்கொள் என்கிறார், மச்சான் சோற்றைத் தொடவே கூடாது, சப்பாத்திதான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மாத்திரை ஆயுசுக்கும் போட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை_அக்கா:
தம்பி, தைரியமாக இருங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் எட்டு சொச்சத்தில்தான் ஆரம்பித்தது, இப்போது ஏழுக்குள் இருக்கிறார், சோறும் சாப்பிடுகிறார்.

மச்சான் சொல்கிற சப்பாத்தியும் மாவுச்சத்துதான். மூன்று நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் ஒரு தட்டு சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வராது. கூழ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், மாவாக அரைத்துக் காய்ச்சிக் குடிப்பதால் சீக்கிரம் செரித்து மளமளவென்று ஏறிவிடும். கேழ்வரகு பிடிக்கும் என்றால் முருங்கைக்கீரை போட்டு ஒரு அடை, அதுவும் அளவாக. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே உடம்புக்குள் போனால் சர்க்கரைதான், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். டீக்கு 2 ஸ்பூன் வீதம் 4 டீக்கு 8 ஸ்பூன், அதாவது 35 கிராம் பக்கம் வெறும் சர்க்கரை தினமும் உள்ளே போகிறது. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் டிபன் கேரியர். பெரிய அடுக்கில் சோறு, சின்ன அடுக்கில் பொரியல் என்றுதானே நாம் எல்லோரும் கட்டுகிறோம்? அதை அப்படியே மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். பெரிய அடுக்கில் அவரைக்காய், பீன்ஸ், புடலங்காய், கீரை என்று ஏதாவது ஒன்று நிறைய, நடு அடுக்கில் சுண்டலோ கெட்டிப் பருப்போ முட்டையோ மீனோ, சின்ன அடுக்கில் அழுத்தாமல் சோறு. சாப்பிடும்போதும் காயும் பருப்பும் பாதி தீர்ந்த பிறகு சோற்றில் கை வையுங்கள், ஏற்றம் மெதுவாக இருக்கும். உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் காய்க் கணக்கில் சேராது, சோற்றுக் கணக்கில்தான் சேரும்.

ரத்த_ஆய்வகம்:
அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரே இட்லி உங்களுக்கு ஏற்றுகிற அளவும் எனக்கு ஏற்றுகிற அளவும் ஒன்றாக இருக்காது, அதனால் வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தம் தொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் விலை உறுத்தும்தான், தினமும் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கிற நாளில் ஜோடியாகப் பாருங்கள். சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு நாள் காலை இட்லி, இன்னொரு நாள் மதியச் சோறு, இன்னொரு நாள் இரவுத் தோசை என்று மாற்றி மாற்றிப் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள் என்பது இலக்கு, உங்கள் வயது, உடல்நிலையைப் பார்த்து டாக்டர் மாற்றிச் சொல்லலாம்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள், வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் மீட்டர் சேர்த்துக் காட்டிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிட வேண்டும், ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும். லேப் எண்ணுக்கும் மீட்டர் எண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

எச்பிஏ1சி 8.4 என்றால் சராசரிச் சர்க்கரை 195 பக்கம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்ததை 3 மாதம் கழித்துப் பாருங்கள், 15 நாளில் பார்த்தால் முழு மாற்றம் தெரியாது. ரத்தசோகை இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த எண்ணைத் தப்பாகக் காட்டக்கூடும்.

பனியன்_ஊர்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். மீட்டர் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். நேற்று இரவு இரண்டே தோசையோடு நிறுத்தினேன், படுக்கும்போது 158, காலையில் எழுந்து பார்த்தால் 171. ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் எப்படி ஏறும்? இன்னொன்று, மாத்திரை போட்டால் வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டில் ஒரு சூரணம் கொடுத்து, இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும், இதைச் சாப்பிட்டு அதை நிறுத்து என்கிறார்கள்.

வெள்ளைச்சீருடை:
அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிட்னியைக் கெடுப்பது பல வருஷம் கட்டுப்படாமல் இருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதனால்தான் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை பார்க்கிறார்கள், அதிலிருந்து கிளம்பிய பேச்சுதான் இது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பியவர்கள் காலில் ஆறாத புண்ணோடு வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சூரணத்தில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

வயிற்றுப்போக்கு ஆரம்பத்தில் பலருக்கும் வரும், சாப்பாட்டின் நடுவிலோ முடிந்தவுடனோ போட்டால் குறையும், பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

காலைச் சர்க்கரை கல்லீரலின் வேலை. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் அது அப்படியே தங்கிவிடும். மெட்ஃபார்மின் முக்கியமாக அதைத்தான் அடக்குகிறது, கொஞ்ச நாள் பொறுங்கள். இரவுச் சாப்பாட்டை முடிந்தவரை முன்னால் நகர்த்துங்கள், கம்பெனி இடைவேளையிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு வீட்டில் கொஞ்சமாக முடிக்க முடியுமா பாருங்கள். சாப்பிட்டதும் தெருவில் ஒரு 15 நிமிடம் நடந்தால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

இப்போது நீங்கள் போடும் மாத்திரை மட்டும் என்றால் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். பின்னால் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைச் சேர்த்தால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, வியர்த்து, கை நடுங்கி, மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம், கால் உணர்வு மூன்றையும் இப்போதே செய்துவிடுங்கள், டைப் 2 தெரிய வரும் முன்பே சில வருஷம் உடம்பில் இருந்திருக்கலாம். மாத்திரைச் செலவு பாரமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

நடைப்பயிற்சி_நண்பன்:
ஆயுசுக்குமா என்று கேட்டிருந்தீர்களே சகோ, அதற்கு மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் டைரக்ட் என்று ஒரு ஆய்வு, 2017இல் முடிவு வந்தது. நோய் தெரிந்து 6 வருடத்துக்குள் இருந்த, உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடான உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள், ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். எல்லோருக்கும் நடக்கும் என்று இல்லை, எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும், ஆனால் ஆரம்பத்திலேயே இறங்குபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நம்மவர்களுக்கு எடை சாதாரணமாகத் தெரிந்தாலும் தொப்பை இருக்கும், ஆண்களுக்கு இடுப்பு 90 செமீக்குள் இருக்க வேண்டும், டேப் வைத்து அளந்து பாருங்கள். மாத்திரையைக் குறைப்பது டாக்டர் சொல்லித்தான்.

பனியன்_ஊர்:
இடுப்பு 99 இருக்கிறது சகோ. காலை உணவை ஜோடியாகப் பார்த்தேன். 4 இட்லி, சட்னி, சாப்பிடும் முன் 160, பின் 238. மறுநாள் 2 இட்லி, 2 முட்டை, காய் நிறையப் போட்ட சாம்பார், கம்பெனிக்குப் பாதி தூரம் நடை, முன் 163, பின் 187. இதையே தொடரலாமா?

ரத்த_ஆய்வகம்:
தாராளமாக. இதே காலை உணவை நடக்காமல் ஒரு நாளும் பாருங்கள், எவ்வளவு சாப்பாட்டால், எவ்வளவு நடையால் என்று பிரிந்து தெரியும். காலை 11 மணிவாக்கில் பசித்தால் வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். அடுத்த தடவை போகும்போது அந்த நோட்டை டாக்டர் மேஜையில் விரித்து வையுங்கள், அவசரத்தில் இருந்தாலும் பார்த்துவிடுவார்.