'உடனிகழ் பணி வரம்பு': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

பணிகளை வரிசைப்படுத்தி ஓட்டும் பணிவரிசை மென்பொருளின் அமைப்புத் திரையைத் தமிழாக்கும்போது, அதில் வரும் 'கன்கரண்ட் ஜாப் லிமிட்' (தொடங்கி முடியாத நிலையில் அதிகபட்சம் எத்தனை பணிகள் இருக்கலாம் என்ற எண்) என்பதற்கு 'ஒரேநேரப் பணி வரம்பு', 'சமகாலப் பணி எல்லை', 'வரிசைக் கொள்ளளவு' என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. நான்காவதாக 'உடனிகழ் பணி வரம்பு' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

கொள்ளளவு என்றால் வரிசையில் எத்தனை பணிகள் காத்திருக்க இடமுண்டு என்றே பயனர் பொருள்கொள்வார். 5,000 பணிகள் காத்திருக்கலாம். அவற்றுள் எத்தனை ஓடலாம் என்பதே நம் கேள்வி. செலரி என்னும் பணிவரிசை மென்பொருளில் ஓடக்கூடிய பணிகளின் எண்ணை 8 என அமைத்தால், அது இயல்பாக நான்கு மடங்கு, அதாவது 32 பணிகள் வரை வரிசையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஓடுபவை 8 மட்டுமே. இவ்விரண்டு எண்களையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பமே மிஞ்சும். 'சமகாலம்' இலக்கிய வரலாற்றுக்குப் போய்விட்ட சொல். அதை இங்கே இழுத்துவர வேண்டாம்.

'ஒரேநேரம்' எளிமையானது, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கணத்தில் ஒரு பணியின் கட்டளையை மட்டுமே நிறைவேற்றக்கூடிய கணினிச் சில்லான ஒற்றைக் கருச் செயலியில் நான்கு பணிகள் நடப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்றன் கட்டளைதான் அக்கணத்தில் நிறைவேறுகிறது. மற்றவை தத்தம் முறைக்காகவோ, வட்டிலிருந்தும் தரவுத்தளத்திலிருந்தும் வரவேண்டிய விடைக்காகவோ காத்திருக்கின்றன. நான்குமே தொடங்கிவிட்டன, எதுவும் முடியவில்லை என்ற நிலையைத்தான் நாம் பெயரிட முயல்கிறோம். உண்மையிலேயே ஒரே கணத்தில் நடப்பதற்கு 'இணைச் செயலாக்கம்' என்ற சொல் இருக்கிறது. கோ என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராப் பைக், இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்கவே 2012இல் தனியாக ஓர் உரை நிகழ்த்தினார்; தமிழில் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

உடனிகழ்ச்சி நம் இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ளது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்று. 'ஆசிரியனொடு மாணாக்கன் வந்தான்' என்னும்போது இருவர் வருகையும் சேர்ந்து நிகழ்கிறது. இருவரும் ஒரே கணத்தில் அடியெடுத்து வைத்தார்கள் என்று யாரும் கொள்வதில்லை. நமக்கு வேண்டிய நெகிழ்வு இதுதான்.

அடுத்து, இந்த வரம்பு வரிசையிலும், பணிகளை ஓட்டும் ஒவ்வொரு சேவையகத்திலும் என இரண்டு இடங்களில் அமைக்கப்படுவதால் முன்னொட்டு இல்லாமல் எழுதக் கூடாது. வரிசையின் வரம்பு 10. சேவையகங்கள் மூன்று, ஒவ்வொன்றன் வரம்பும் 4 என்க. சேவையகங்களில் 12 பணிகளுக்கு இடமிருந்தும் வரிசை 10க்கு மேல் விடாது. ஒரு சேவையகம் நின்றுபோனால் வரிசை இடங்கொடுத்தாலும் 8 மட்டுமே ஓடும். எனவே 'வரிசையின் உடனிகழ் பணி வரம்பு', 'சேவையகத்தின் உடனிகழ் பணி வரம்பு' என்று முழுமையாக எழுதுவோம். நீளம்தான், ஆனால் சுருக்கினால் ஆபத்து: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும். பத்துச் சேவையகங்கள் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்து 12 என்று நினைத்து ஒருவர் ஒவ்வொன்றுக்கும் 12 கொடுத்து, பணிக்கு ஓர் இணைப்பு தேவைப்பட்டால், 120 இணைப்புகள் கேட்கப்படும். எஞ்சியவை பிழையோடு திரும்பும்.

பணிகளை ஓட்டும் சேவையகத்துக்கு 'செயலிச் சேவையகம்' என்ற வழக்கையும் கைவிடலாம். செயலி என்றால் இன்று பலருக்குக் கைப்பேசியில் நிறுவுவதுதான் நினைவுக்கு வருகிறது. 'செயலாக்கச் சேவையகம்' போதும்.

வரம்பாகப் பூச்சியம் இடப்படுவதைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டும். சில மென்பொருள்களில் 0 என்பது வரம்பே இல்லை என்றும், வேறு சிலவற்றில் எதையும் ஓடவிடாதே என்றும் பொருள்படும். ஆங்கில மூலத்தில் வெறும் எண் இருந்தாலும், நம் திரையில் அந்தந்த மென்பொருளின் நடத்தையைச் சோதித்தபின் 'வரம்பில்லை' அல்லது 'நிறுத்தப்பட்டது' என்று அருகில் எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் ஒரு திரையை எடுத்துக்காட்டி எழுதினால் உதவியாக இருக்கும்.