சுண்ணாம்பு போட்டும் குரோம் தண்ணீர் மஞ்சளாகவே நிற்கிறது, ஏன்?

பேட்டை முலாம்:
திருநெல்வேலி பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு நிக்கல்-குரோம் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒரே தொட்டியில்தான் விழுகிறது. சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கி, பிஎச் (அமில-கார அளவு) 9 வரைக்கும் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறோம். காலையில் பார்த்தால் அடியில் இளம்பச்சையாகக் கொஞ்சம் கசடு, மேலே தண்ணீர் தெளிவுதான், ஆனால் எலுமிச்சை சர்பத் மாதிரி மஞ்சள். லேப் ரிப்போர்ட்டில் நிக்கல் எல்லையைத் தாண்டி இருக்கிறது, குரோமியம் அதைவிட மோசம். சுண்ணாம்பு மட்டமா, முறையே சரியில்லையா?

தாழையூத்தான்:
அண்ணாச்சி, சுண்ணாம்பைக் குறை சொல்லாதீங்க. மஞ்சளாக நிற்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது ஆறு இணைதிறன் உள்ள வடிவம். அது குரோமேட் அயனியாகக் கரைந்து கிடப்பதால் சுண்ணாம்பு மூட்டையையே கவிழ்த்தாலும் ஹைட்ராக்சைடாகப் படியாது. முதலில் அதை டிரைவேலன்ட்டாக, அதாவது சுண்ணாம்பில் படியக்கூடிய மூன்று இணைதிறன் வடிவமாக, இறக்க வேண்டும். குரோம் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, கந்தக அமிலம் விட்டு பிஎச் 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்து, சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைக் கரைத்து மெல்ல ஊற்றுங்க. 1 கிராம் குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.74 கிராம், ஆனால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் நடைமுறையில் 3-க்கு மேலேயே போகும். மஞ்சள் போய்ப் பச்சை வரும். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்: கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அமிலம் சேர்த்து, டைஃபினைல்கார்பசைடு என்ற சோதனை ரசாயனம் விட்டுப் பாருங்க, ஊதா வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் சுண்ணாம்பு, பிஎச் 8 அல்லது 8.5 போதும். மெட்டாபைசல்ஃபைட் ஊற்றும்போது கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்க.

லேப்காரி:
மேலே சொன்னது சரி. நிக்கல் கதை வேறு. அது நன்றாகப் படிய பிஎச் 10-க்கு மேல் வேண்டும், அந்த அளவுக்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடு திரும்பக் கரைய ஆரம்பிக்கும். இரண்டுக்கும் ஒரே பிஎச் ஒத்துவராது, அதனால் பிரித்துவிடுங்கள். நிக்கல் தண்ணீரில் அம்மோனியா, இடிடிஏ மாதிரி எதுவும் கலந்திருந்தால் அது நிக்கலைப் பிடித்து வைத்துக்கொண்டு படியவே விடாது. வெளியே விடும்போது பிஎச் 9-க்குள் திரும்பி வர வேண்டும். ஆறு, வாய்க்காலில் விடுவதற்கான எல்லை லிட்டருக்கு நிக்கல் 3 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2, ஹெக்ஸாவேலன்ட் வெறும் 0.1.

பேட்டை முலாம்:
ரொம்ப நன்றி. இன்னொரு தொட்டி கட்ட இடமே இல்லையே, பிளாஸ்டிக் டிரம்மில் செய்யலாமா?

தாழையூத்தான்:
தாராளமாக. குரோம் கழுவலை டிரம்மில் பிடித்து, நிறைந்ததும் ஒரு பேட்ச் போடுங்க. உங்களிடம் சயனைடு பாத் (சயனைடு கலந்த முலாம் கரைசல்) ஏதாவது இருந்தால் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இந்த அமில டிரம்முக்கு வரக் கூடாது, விஷவாயு கிளம்பும், ஆளையே கொன்றுவிடும். அப்புறம் அந்தக் கசடை வாய்க்கால் ஓரம் கொட்டிவிடாதீங்க, அது அபாயக் கழிவுக் கணக்கில் வரும். வடியவிட்டு, காயவைத்து, மூட்டை கட்டி, மழை படாத இடத்தில் வையுங்க, அனுமதி உள்ளவர்கள் வந்து எடுக்கும் வரைக்கும். வாய்க்காலில் கொட்டினால் ஆற்றுக்குத்தான் போகும், தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.