உசிலம்பட்டிப் பக்கம் நாப்கின் தயாரிக்கும் எங்கள் குழுவுக்கு எந்த விதி பொருந்தும்?

கேள்வி: உசிலைப் பக்கம்

வணக்கம். உசிலம்பட்டி அருகே எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு நாப்கின் தயாரித்துக் கடைகளுக்கும் பெண்கள் விடுதிகளுக்கும் கொடுத்து வருகிறது. மரக்கூழ், மேலுறைத் துணி, பிளாஸ்டிக் தாள், பசை எல்லாவற்றையும் வெளியூர் வியாபாரியிடம் வாங்குகிறோம். பில்லில் எடையும் விலையும் தவிர வேறு விவரம் இருப்பதில்லை. இப்போது விடுதிக் காப்பாளர் ஒருவர், "கெமிக்கல் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறார். எதை நம்பி எழுதுவது? அரசு இதற்கு வரம்பு ஏதும் வைத்திருக்கிறதா?

பதில் 1: திருநகர் வாசகர்

அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள், அம்மா. பசையும் பிளாஸ்டிக்கும் வேதிப்பொருள்கள்தாம். தீங்கானவை எவை, எவ்வளவு என்பதே கேள்வி.

நாப்கினுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 5405. அதன் 1980ஆம் ஆண்டுப் பதிப்பு 2019இல் திருத்தப்பட்டது. உறிஞ்சும் திறன், அமில காரத் தன்மை, நுண்ணுயிர்களின் அளவு, தோலுக்கு ஒவ்வாமை தருகிறதா என்பது போன்றவற்றை அது சோதிக்கச் சொல்கிறது. ஆனால் 2022இல் டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு சந்தையில் விற்கும் பத்து வகை நாப்கின்களைச் சோதித்தபோது, எல்லாவற்றிலும் தாலேட்டுகளும் (பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள்) எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. குழந்தைகளின் பொம்மைக்கான தரநிலையில் தாலேட்டுக்கு வரம்பு உண்டு. உடலோடு ஒட்டி மணிக்கணக்கில் இருக்கும் இந்தப் பொருளுக்கும் அப்படியொரு வரம்பு வேண்டும் என்று கேட்பதில் மிகை ஏதுமில்லை. அதே நேரத்தில், ஒரு பொருள் இருப்பதாகக் கண்டறிவது வேறு, அது நோய் தந்தது என்று நிறுவுவது வேறு. நாப்கினால் நோய் வருகிறது என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திகள் இரண்டையும் குழப்புகின்றன.

பதில் 2: சாயப்பட்டறைக்காரர்

நான் சுங்குடிக்குச் சாயம் போடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால் எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். புற்றுநோய்க்குக் காரணமாகும் வேதிப்பொருளாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களுக்கு எதிராக ஜெர்மனி 1994இல் விதி கொண்டுவந்தது. இந்தியாவும் 1997இல் அத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. சாயம் போடுகிறவன் ஒவ்வொரு புடவையையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றிருந்தால் நாங்கள் அன்றே தொழிலை விட்டிருப்போம். சாயத்தை விற்பவரிடம் சான்று கேட்பது வழக்கமானதால்தான் தாக்குப்பிடித்தோம்.

உங்களுக்கும் அதுவே வழி. மரக்கூழ் எப்படி வெளுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். குளோரின் வாயுவால் வெளுத்தால் டயாக்சின் என்னும் நச்சுப்பொருள் உருவாக வாய்ப்புண்டு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுத்த கூழில் அந்த வழி அடைபடுகிறது. பசைக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு விவரத் தாளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாசனைப் பொருள் சேர்க்கவே வேண்டாம். அதனால் பயன் ஒன்றுமில்லை, தாலேட்டு நுழைவதற்கான வழிகளுள் அதுவும் ஒன்று.

பதில் 3: மேலூர் செவிலியர்

மேலே உள்ள சகோதரர் சொல்வது சரிதான், ஆனால் வியாபாரி தாமாகத் தருவார் என்று நான் நம்பவில்லை. சட்டம் கேட்டால்தான் தருவார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம், மாதவிடாய்ப் பொருளில் சேர்ந்துள்ள அனைத்தையும் உறையிலேயே அச்சிடக் கட்டாயப்படுத்தியது. வெர்மான்ட் 2024இல் தாலேட்டு உள்ளிட்ட சில வேதிப்பொருள்களைச் சேர்ப்பதையே தடை செய்தது. இங்கே ஜவுளி அமைச்சகம் 2023இல் மருத்துவத் துணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டு நாப்கினையும் அதில் சேர்த்தது. சிறு தொழில்களுக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் அதன் கெடு இப்போது எந்த நாள் என்பதைத் தர நிர்ணய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த ஆணைக்காகச் செய்யவேண்டிய சோதனைச் செலவு பெரிய நிறுவனத்துக்கும் பத்துப் பெண்கள் நடத்தும் கூடத்துக்கும் ஒன்றாக இருக்குமானால், கலப்படக்காரர் தப்பித்து உங்களைப் போன்றவர்கள்தான் மூட நேரிடும். மாவட்டந்தோறும் அரசு ஆய்வகத்தில் மானியத்தோடு சோதனை செய்துகொடுக்க வேண்டும் என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கூட்டமைப்பின் வழியாக மனுக் கொடுங்கள்.

இன்னொன்று, பிளாஸ்டிக் கலந்த நாப்கினைக் கொல்லையில் எரிக்க வேண்டாம் என்று உறையில் தமிழில் அச்சிடுங்கள். குறைந்த வெப்பத்தில் எரித்தால் நச்சுப்புகைதான் மிஞ்சும்.

உசிலைப் பக்கம்

மூவருக்கும் நன்றி. சேர்க்கும் பொருள்களின் பட்டியலையும், வாசனை சேர்ப்பதில்லை என்பதையும் மட்டும் எழுதிக் காப்பாளரிடம் கொடுக்கப் போகிறோம். வெளுப்பு முறைக்குச் சான்று தரும் மரக்கூழ் வியாபாரி மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருந்தால் இங்கே தெரிவியுங்கள். இப்போது வாங்குகிறவரிடம் கேட்டதற்கு, "இதுவரை யாரும் கேட்டதில்லையே" என்றுதான் பதில் வந்தது.