கம்பெனிக்குள்ள இருந்துட்டு மனித உரிமை வேலை பாக்குறவங்களால நிஜமா ஏதாவது மாறுதா?

ஊசிநூல்:
தொழிற்சாலைகள்ல வேலை நேரம், சம்பளம், பாதுகாப்பு எல்லாம் சரியா இருக்கான்னு ஏழு வருஷம் ஆடிட் பண்ணிட்டு வெளிய வந்தவன் நான். அக்கா பொண்ணு சட்டம் படிச்சிருக்கா, ஒரு பெரிய துணி பிராண்டோட மனித உரிமை டீம்ல வேலை கிடைக்கிற மாதிரி இருக்கு, சேரலாமா மாமான்னு கேட்டா. வேண்டாம்மான்னுட்டேன். சொன்னதுலேந்து மனசு உறுத்துது, அதான் இங்க கேக்குறேன்.

ஏன் வேண்டாம்னேன்னா ஒரு பேக்டரி கதை இருக்கு. வருகைப் பதிவு அவ்வளவு சுத்தம், ஞாயித்துக்கிழமை லீவு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒருத்தர்கூட இல்ல, சம்பளக் கணக்கும் அதோட அப்படியே ஒத்துப்போகுது. இந்த மாதிரி இடத்துல நாங்க ஒடஞ்ச ஊசி நோட்ட கேப்போம். தையல் மிஷின்ல ஊசி ஒடஞ்சா துண்டு எல்லாத்தையும் பொறுக்கி, நோட்டுல டேப் போட்டு ஒட்டி, தேதி நேரம் எழுதி கையெழுத்து போட்டாத்தான் புது ஊசி கிடைக்கும், ஒரு துண்டு துணிக்குள்ள மாட்டிக்கிட்டாலும் போட்டுக்கிற கொழந்தைக்கு குத்திடும்ல, அதனால. அந்த நோட்ட திருத்தணும்னு யாருக்கும் தோணல. லீவு விட்டதா சொன்ன ஞாயித்துக்கிழமைல எட்டு ஊசி ஒடஞ்சிருந்துச்சு. ஒண்ணு ராத்திரி 11:40க்கு.

ரிப்போர்ட்ல எழுதினேன். பிராண்டோட மனித உரிமை டீம்ல ஒரு அம்மா, தங்கமானவங்க, அன்னைக்கே போன் பண்ணி ஒரு மணி நேரம் கேட்டாங்க, என்னென்ன திருத்தணும்னு திட்டம் போட்டு பேக்டரிக்கு அனுப்பினாங்க. அடுத்த சீசன்ல அதே பிராண்டோட கொள்முதல் டீம் அதே பேக்டரிக்கு ஆர்டர கூட்டி டெலிவரி நாள ரெண்டு வாரம் குறைச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மிஷின ஓட்டாம எப்படிங்க முடிக்க முடியும்? அந்த அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும்.

ஆர்டர நிறுத்துற அதிகாரம் இல்லாத மனித உரிமை டீம் இருந்தும் இல்லாத மாதிரிதான். தப்புன்னா சொல்லுங்க.

தராசு:
தப்புன்னுதான் சொல்வேன் சார். நான் அந்த வேலையிலதான் இருக்கேன், பிராண்டு பேர் வேண்டாம்.

2005க்கு முன்னாடி நெலமை என்னன்னு பாருங்க. கம்பெனிக்கு மனித உரிமைல என்ன பொறுப்புன்னு ஐ.நா.லயே ஒத்த கருத்து கிடையாது, 2003ல கொண்டு வந்த வரைவு நெறிமுறைய நாடுகள் ஏத்துக்கல. அப்புறம் ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த கோபி அன்னான், ஜான் ரகிங்கிற பேராசிரியர நியமிச்சாரு. அவர் ஆறு வருஷம் கம்பெனிக்காரங்க, அரசாங்கம், பாதிக்கப்பட்டவங்கன்னு எல்லார்கிட்டயும் போய் உக்காந்து பேசி 31 கோட்பாடு எழுதினாரு, 2011 ஜூன்ல மனித உரிமைக் கவுன்சில் அத எதிர்ப்பே இல்லாம ஏத்துக்கிச்சு. அரசாங்கம் பாதுகாக்கணும், கம்பெனி மதிக்கணும், பாதிக்கப்பட்டவனுக்கு நிவாரணம் கிடைக்கணும், சுருக்கமா இவ்வளவுதான். இன்னைக்கு வர்ற சப்ளை செயின் சட்டம் எல்லாத்துக்கும் அடி அதுல இருக்கு.

இப்ப என் கதை. ஒரு சப்ளையரோட ஹாஸ்டல்ல வெளிநாட்டுத் தொழிலாளிங்க கூட பேசிட்டிருந்தப்ப ஒரு பையன் பாக்கெட் நோட்டு ஒண்ண எடுத்து காட்டினான். வேலைக்கு வர ஏஜென்ட்டுக்கு குடுத்த காசு, அதுக்கு வாங்கின கடன், மாசா மாசம் வட்டி எவ்வளவு போச்சுன்னு பொடி எழுத்துல எழுதி வெச்சிருக்கான். 14 மாச சம்பளம் கடனுக்கே. வேலைய விட்டு போகவும் முடியாது, கடன் தொரத்தும். ஆளெடுக்கிற செலவ முதலாளிதான் ஏத்துக்கணும், தொழிலாளி தலைல கட்டக்கூடாதுங்கிற கொள்கைய கையில வெச்சுக்கிட்டு நானும் இன்னொருத்தரும் ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினோம். சப்ளையர் மூணு தவணைல அந்த ஹாஸ்டல்ல இருந்த அத்தனை பேருக்கும் பணத்த திருப்பிக் குடுத்தாரு. அந்தப் பையன்கிட்ட போய் மாற்றம் இல்லன்னு சொல்ல முடியுமா?

செங்காந்தள்:
தராசு தோழர், உங்க உழைப்ப மதிக்கிறேன், ஆனா விஷயம் வேற எடத்துல இருக்கு. நான் சங்கத்துல வேலை பாக்குறவ.

பங்களாதேஷ்ல துணி பேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்த எடுங்க. 2013 ஏப்ரல் 23 அன்னைக்கு செவுத்துல விரிசல் வந்துச்சு, எல்லாரையும் வெளிய அனுப்பினாங்க. மறுநாள் கீழ் மாடில இருந்த பேங்க் தன் ஆளுங்கள வர வேண்டாம்னு சொல்லிடுச்சு. மேல இருந்த ஆயத்த ஆடை பேக்டரிகள் மட்டும் உள்ள போங்க, இல்லன்னா சம்பளம் கட்டுன்னு சொல்லிச்சு. கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,134 பேர் செத்தாங்க. அங்க இருந்த பேக்டரில சிலது ஆடிட் முடிச்சதுதான். விரிசல் இருக்குன்னு எல்லா பொண்ணுங்களுக்கும் தெரியும்ங்க, தெரியாம யாரும் சாகல. வரமாட்டேன்னு சொல்ல பலம் இல்ல, ஏன்னா அந்த பேக்டரிகள்ல சங்கம் கிடையாது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2012 ஏப்ரல்ல, அதே பங்களாதேஷ்ல அமினுல் இஸ்லாம்ங்கிற தொழிலாளர் அமைப்பாளர சித்திரவதை பண்ணி கொன்னு போட்டாங்க. மனித உரிமைய முன்னெடுக்கிறவங்கன்னு பேச்சு வந்தா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அவருதான்.

அதுக்கப்புறம் மாறினது எதனால? அக்கார்டு ஒப்பந்தத்தால. பிராண்டுகளும் சங்கங்களும் கையெழுத்து போட்டது, சட்டப்படி கட்டுப்படுத்தும், மீறினா பிராண்ட மத்தியஸ்தத்துக்கு இழுக்கலாம். ரெண்டு பிராண்டு மேல நெஜமாவே வழக்கு போட்டாங்க, 2017 டிசம்பர்ல ஒண்ணு, 2018 ஜனவரில ஒண்ணுன்னு ரெண்டும் சமரசத்துக்கு வந்துச்சு. 1,600 பேக்டரிக்கு மேல பரிசோதனை நடந்துச்சு. அபாயமான கட்டடத்துக்குள்ள போக மாட்டேன்னு மறுக்கிற உரிமையும் தொழிலாளிக்கு கிடைச்சுது. இத நல்ல மனசுள்ள மேனேஜர் யாரும் தூக்கிக் குடுக்கல, அக்கா தங்கச்சிங்க பொணத்து மேல ஏறி வந்த ஒப்பந்தம் இது.

தராசு:
தோழர், நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் உண்மை. ஆனா அந்த ஒப்பந்தத்துல 200க்கு மேல பிராண்டு கையெழுத்து போட்டுச்சே, ஒவ்வொரு கம்பெனிலயும் லீகல் டிபார்ட்மென்ட் இது ஆபத்து வேண்டாம்னு சொல்றப்ப எதுத்துப் பேச உள்ள ஒரு ஆள் வேணும்ல. வெளிய நெருக்கடி குடுக்கிறவங்க இல்லாம எங்க பேச்சு எடுபடாது, அத முழுசா ஒத்துக்கிறேன். உள்ள ஆள் இல்லன்னா அந்த நெருக்கடி வாசல்லயே நின்னுடும்.

ஆண்டி ஹால்ங்கிற தொழிலாளர் உரிமை ஆய்வாளர் விஷயம் ஞாபகம் இருக்கா? தாய்லாந்துல அன்னாசி பதப்படுத்துற பேக்டரில புலம்பெயர் தொழிலாளிங்க படுற பாட்ட அவர் நேர்ல விசாரிச்சாரு, பின்லாந்து அமைப்பு ஒண்ணு 2013ல அத அறிக்கையா வெளியிட்டுச்சு. அந்த கம்பெனி அவர் மேல அவதூறு வழக்கு போட்டுச்சு. அப்ப பின்லாந்தோட பெரிய சில்லறை வணிகக் கூட்டுறவு எஸ் குரூப்போட நிலைத்தன்மைப் பிரிவு (சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் பாக்குற பிரிவு) தலைவி தாய்லாந்து கோர்ட்டுக்கே வந்து ஹாலுக்கு ஆதரவா சாட்சி சொன்னாங்க. 2016ல அவருக்கு தண்டனைதான் குடுத்தாங்க, ஆனா 2018ல மேல்முறையீட்டுல விடுதலை, 2020ல உச்ச நீதிமன்றமும் அத உறுதி பண்ணுச்சு. வாங்குற கம்பெனியோட ஒரு அதிகாரி கூண்டுல ஏறி அவர் பக்கம் பேசினது சின்ன விஷயமா?

நெடுவழக்கு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் வக்கீல். ஊசிநூல் அண்ணன் ரிப்போர்ட் எழுதுற வேலை வீண்ங்கிற மாதிரி பேசுறாரு, அதுக்கு ஒரு வழக்கு சொல்லணும்.

ஜாம்பியால சிங்கோலா பக்கம் தாமிரச் சுரங்கக் கழிவு ஆத்துல கலந்து நெலம் தண்ணி எல்லாம் கெட்டுப்போச்சுன்னு 1,826 கிராமத்து ஆளுங்க லண்டன்ல வழக்கு போட்டாங்க. சுரங்கம் நடத்தினது துணை நிறுவனம், தாய் கம்பெனி வேதாந்தா. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அது தனிக் கம்பெனின்னு வேதாந்தா வாதாடிச்சு. 2019 ஏப்ரல்ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழக்க நடத்தலாம்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கு எடுத்துக்கிட்ட ஆதாரத்துல முக்கியமானது எது தெரியுமா, வேதாந்தா தானே வெளியிட்ட நிலைத்தன்மை அறிக்கை! குழுமம் முழுக்க சுற்றுச்சூழல் தரத்த நாங்க மேற்பார்வை பண்றோம், நடைமுறைப்படுத்துறோம்னு அதுல எழுதி வெச்சிருந்தாங்க. அந்த அளவுக்கு மேற்பார்வை பண்றேன்னு நீயே சொல்றியே, அப்ப கவனமா இருக்கிற கடமை உனக்கு இருந்திருக்கலாம்ல, விசாரிச்சுப் பாக்கட்டும்னு நீதிபதிங்க சொல்லிட்டாங்க. எதோ ஒரு ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தர் எழுதின வரி, ஆத்தங்கரைல தண்ணி மொண்டு குடிச்சவனுக்கு ஆயுதமாச்சு.

ஊசிநூல்:
இது எனக்கு புதுசு தம்பி, ரெண்டு தடவ படிச்சேன், நன்றி.

ஆனா எழுத்து எதிர்ப்பக்கமும் பாயுதே. கராச்சில அலி என்டர்பிரைசஸ்ங்கிற துணி பேக்டரி, 2012 செப்டம்பர் 11, தீ பிடிச்சு 250 பேருக்கு மேல வெந்து செத்தாங்க, ஜன்னல்ல கம்பி, வெளிய போற வழி பூட்டி இருந்துச்சு. அதுக்கு சில வாரம் முன்னாடிதான் எஸ்ஏ 8000ங்கிற தொழிலாளர் நலத் தரச் சான்றிதழ் வாங்கியிருக்கு அந்த பேக்டரி. என்ன மாதிரி ஒரு ஆள்தான் எங்கயோ ஒரு படிவத்துல தீ பாதுகாப்பு சரின்னு டிக் பண்ணியிருப்பான். முக்கியமா சரக்கு வாங்கினது கிக்ங்கிற ஜெர்மன் கம்பெனி. பாதிக்கப்பட்ட நாலு பேர் ஜெர்மனி கோர்ட்டுக்கு போனாங்க, காலக்கெடு தாண்டிருச்சுன்னு 2019 ஜனவரில தள்ளுபடி. தனியா பேச்சுவார்த்தை நடத்தி 50 லட்சம் டாலருக்கு மேல நஷ்டஈடு வந்துச்சு, அதுக்கும் குடும்பங்க நாலு வருஷம் நடந்தாங்க.

நான் வேலைய விட்டது அந்த சான்றிதழ் சமாச்சாரம் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான். என் கையெழுத்து போட்ட பேக்டரிய எல்லாம் ராத்திரில நெனச்சு நெனச்சு பாப்பேன், அந்த கதவு திறந்து இருந்துச்சா, நான் தள்ளிப் பாத்தேனான்னு.

செங்காந்தள்:
அண்ணா, அது உங்க ஒருத்தர் பாரம் இல்ல. முன்கூட்டியே சொல்லிட்டு வர்ற ரெண்டு நாள் ஆடிட்ல கதவு திறந்துதான் இருக்கும். மீதி 363 நாள் அங்க இருக்கிறது தொழிலாளி, அவ பேச்சுக்கு மதிப்பு இருந்தா அந்த கதவு பூட்டாது.

பெர்த்தா காசெரெஸ்ங்கிற போராளி அதத்தான் சொல்லிட்டிருந்தாங்க. ஹோண்டுராஸ்ல லென்கா பழங்குடி ஆத்துல அணை கட்டாதே, எங்கள கேக்காம ஆரம்பிச்சிட்டேன்னு கத்தினாங்க, 2015ல கோல்ட்மேன் விருது குடுத்து உலகமே பாராட்டிச்சு. அணைக்கு கடன் குடுத்த ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகளுக்கும் எச்சரிக்கை போச்சு. 2016 மார்ச்ல வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுக் கொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் நெதர்லாந்தோட எப்எம்ஓ, பின்லாந்தோட பின்ஃபண்ட் ரெண்டும் பணத்த நிறுத்தினாங்க. அணைக் கம்பெனியோட தலைவரா இருந்தவருக்கே 22 வருஷத்துக்கு மேல சிறை. அந்த வங்கிகள்லயும் மனித உரிமைய பாக்க ஆள் இருந்திருப்பாங்க தராசு தோழர். பெர்த்தா உயிரோட இருந்தப்ப பணத்த நிறுத்தச் சொல்லி அவங்க பேச்சு ஏன் எடுபடல?

தராசு:
இதுக்கு ரெண்டு நாளா பதில் எழுதி எழுதி அழிச்சேன்.

எடுபடாததுக்கு காரணம் எனக்கு தெரியும், ஏன்னா அதே நாற்காலில நான் உக்காந்திருக்கேன். கொள்முதல் ஆளுக்கு போனஸ் எதுல வருது? வெலைய எவ்வளவு குறைச்சான்ங்கிறதுல. என் பேர் அந்த மீட்டிங்ல கடைசில வரும், நேரம் இருந்தா. ஊசிநூல் சார் சொன்ன டெலிவரி நாள் குறைக்கிற விஷயம் எங்க கம்பெனிலயும் நடந்திருக்கு, எனக்கு தெரியாம.

ஆனா ஒண்ண பாத்தேன். சப்ளை செயின்ல மனித உரிமைய கம்பெனி கவனிக்கணும்னு பிரான்ஸ் 2017ல சட்டம் போட்டுச்சு, அதே மாதிரி ஜெர்மனி சட்டம் 2023ல அமலுக்கு வந்துச்சு, அதுல அபராதமும் வெச்சாங்க. அந்த வருஷம்தான் கொள்முதல் தலைவர் மொத தடவையா என் மேசைக்கு வந்து இந்த சப்ளையர்கிட்ட வாங்கலாமான்னு கேட்டாரு. அதே நான், அதே மேசை, மாறினது சட்டம் மட்டும்தான். 2024ல ஐரோப்பிய ஒன்றியமே பெருசா ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, மறு வருஷமே அத சுருக்க ஆரம்பிச்சிட்டாங்க. பிரிட்டன்ல 2015லயே நவீன அடிமைத்தனச் சட்டம் இருக்கு, வருஷா வருஷம் ஒரு அறிக்கை போடணும், உள்ள ஒண்ணுமே பண்ணலன்னாலும் பண்ணலன்னு எழுதிப் போட்டா போதும். பல்லு இல்லாத சட்டத்துக்கு நான் அறிக்கை எழுதியிருக்கேன், பல்லு இருக்கிற சட்டத்துக்கும் எழுதியிருக்கேன், கம்பெனிக்குள்ள என் கொரலு ரெண்டுக்கும் ஒரே மாதிரி கேக்காது.

அதனால உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதி ஒத்துக்கிறேன். அதிகாரம் வெளிலேந்துதான் வருது. வர்றப்ப அத பிடிச்சு அந்த பையனோட நோட்டு வரைக்கும் கொண்டு போக ஆள் வேணும். அந்த பொண்ணு சேரட்டும்ங்க.

நெடுவழக்கு:
சேரட்டும்னு நானும் சொல்வேன், ஆனா கேட்டுட்டு சேரட்டும். அந்த டீம் யாருக்கு கீழ வருது, ஒரு சப்ளையர நிறுத்துங்கன்னு சொன்னா கடைசி முடிவு யார் எடுப்பாங்க, தொழிலாளி புகார் நேரா அவங்ககிட்ட வருமா இல்ல பேக்டரி மேனேஜர் வழியாவா. எழுத்துல கேக்க சொல்லுங்க.

ஊசிநூல்:
கேட்டுட்டா. நேத்து ராத்திரி இந்த திரிய அவளுக்கு படிச்சுக் காட்டினேன், இன்னைக்கு காலைலயே அவங்களுக்கு மெயில் போட்டுட்டா. பதிலும் வந்துருச்சு. டீம் மக்கள் தொடர்பு பிரிவுக்கு கீழயாம். சப்ளையர நிறுத்துறத பத்தி, கொள்முதல் பிரிவோட கலந்து பேசி முடிவெடுப்போம்னு போட்டிருக்காங்க. புகார் எப்படி வரும்ங்கிறதுக்கு பதிலே இல்ல.

மாமா, மூணாவது கேள்விய மட்டும் திருப்பிக் கேக்கவான்னு கேட்டா. கேளும்மான்னேன். தராசு சார், உங்களுக்கு நேரம் இருந்தா அவகிட்ட ஒரு அரை மணி நேரம் பேசுவீங்களா?

தராசு:
கண்டிப்பா பேசுறேன் சார். அந்த ஒடஞ்ச ஊசி நோட்ட எப்படி பாக்கணும்னு நீங்க அவளுக்கு சொல்லிக் குடுங்க, எனக்கும் சேத்து.