கிளி நெஞ்சு இறகைப் பிடுங்குகிறது, ஸ்பிரே அடிக்கலாமா?

தாப்பாக்காரன்:
வணக்கம். வீட்டில் ஒரு சன் கொன்யூர் கிளி இருக்கிறது. மகள் யூனிவர்சிட்டி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து நெஞ்சிலும் தொடையிலும் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது, சில இடங்களில் தோலே தெரிகிறது. தலை மட்டும் பழையபடி இருக்கிறது. நானும் மனைவியும் செம்பனை ஆலையில் வேலை, சாயங்காலம் வரை அது தனியாகத்தான் கிடக்கும். தீனி சூரியகாந்தி விதை. கடைக்காரர் பேன் ஸ்பிரேயும், அலகு இறகை எட்டாதபடி மாட்டுகிற கழுத்து வளையமும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

கோலசிலாங்கூர் அக்கா:
தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். தலையில் இறகு இருக்கிறதென்றால் அலகு எட்டுகிற இடத்தில் தானேதான் பிடுங்குகிறது. தலையும் கொட்டினால் வைரஸா, கூட இருக்கிற கிளியின் வேலையா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வளரும் கிளிக்குப் பேன் வருவது அபூர்வம். எனக்குத் தீனிமேல்தான் சந்தேகம். அந்த விதையில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், அது குறைந்தால் தோல் கெடும். பூசணி, கேரட், முருங்கைக்கீரை, சிவப்பு மிளகாய் கொடுங்கள் (மிளகாய் உறைப்பு பறவைக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் அடித்துப்பிடித்துத் தின்னும்). பெல்லட்டை (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம், விதையை ஒரே நாளில் நிறுத்தினால் பட்டினி கிடக்கும். அவகாடோ மட்டும் வேண்டவே வேண்டாம், விஷம்.

ஈப்போ பறவைப் பைத்தியம்:
மகள் போன ஏக்கம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் அண்ணே. அதுவும் இருக்கலாம், ஆனால் கல்லீரல் கோளாறு, தோல் தொற்று, துத்தநாக விஷம் இதிலெல்லாமும் கிளி பிடுங்கும். கூண்டு மலிவான கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) கம்பியா? அதைக் கொறித்தே துத்தநாகம் உள்ளே போகும். முதலில் பறவை பார்க்கிற டாக்டர், ரத்தப் பரிசோதனை. சின்ன டவுன் கிளினிக்குகள் பெரும்பாலும் நாய் பூனையோடு சரி. செர்டாங்கில் உள்ள யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழக) கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தோலைக் கடித்து ரத்தம் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். வளையம் டாக்டர் சொன்னால் மட்டும், காரணம் தெரியாமல் மாட்டினால் கிளி இன்னும் மிரளும்.

தாப்பாக்காரன்:
கால்வனைஸ்தான், துருவும் இருக்கிறது. கூண்டு ஹாலில், டிவி பக்கம், ராத்திரி 12 மணி வரை சத்தம், கொசுவத்தியும் அங்கேதான். பிடுங்கும்போதெல்லாம் மனைவி ஓடிப் போய் அதட்டுவார்.

கோலசிலாங்கூர் அக்கா:
அப்படி அதட்டினால், "பிடுங்கினால் ஆள் வருகிறது" என்று அது கற்றுக்கொள்ளும். அந்நேரம் கண்டுகொள்ளாதீர்கள், சும்மா இருக்கும்போது போய்ப் பேசுங்கள். கொசுவத்தி, சிகரெட் புகை ஆகாது. தினம் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும், அதனால் ராத்திரி உள் அறைக்கு மாற்றுங்கள். காலையில் வெறும் தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள். கிழித்து விளையாடத் தென்னை ஓலை, சோளத்தோல் போடலாம், தோட்டத்தில் மருந்தடித்த பக்கம் பறித்தது வேண்டாம். கூண்டை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும், ரொம்ப நாள் பிடுங்கி வேர் கெட்ட இடத்தில் முளைக்காமலும் போகலாம்.